‘வரையறுக்கப்பட்ட உறுப்பு’ என்றால் என்னவாம்?

பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்க வருகிறவர்கள், ஒரு கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையான ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்றதும் தயங்காமல் ‘வரையறுக்கப்பட்ட உறுப்பு’ என்கிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அண்மையில் நடந்த வழிகாட்டி நிகழ்ச்சியிலும் அதே சொல்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சொல்லின் கதை சுருக்கமானது. ‘ஃபைனைட்’, எல்லை என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபினிஸ்’ வழி வந்தது. விமானக் கட்டமைப்புகளின் விறைப்பைக் கணக்கிட 1956இல் டர்னர், கிளஃப் முதலிய நால்வர் எழுதிய கட்டுரையில் முறை உருப்பெற்றது. 1960இல் ரே கிளஃப் பெயர் வைத்தார். நுண்கணிதம் ஒரு பொருளை அளவே சொல்ல முடியாத நுண்துணுக்காக எண்ணிப் பார்க்கும். இந்த முறை அதையே அளந்து சொல்லக்கூடிய துண்டுகளாகப் பிரிக்கும். பெயரில் இருப்பது இந்த வேறுபாடுதான்.

‘வரையறுக்கப்பட்ட’ என்றால் இதில் எதுவும் காதில் விழவில்லையே! யாரோ வேலி போட்டுத் தடுத்த மாதிரி இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனிப் பெயர்ப்பலகையில் ‘பெர்ஹாட்’ (லிமிடெட்) என்று போடுகிறார்களே, அதற்கு வேண்டுமானால் பொருந்தும். மலாய்க்காரர்கள் ‘உன்சுர் தெர்ஹிங்கா’ என்று முடித்துவிட்டார்கள். பொதுக்கூட்டங்களில் ‘தெரிமா காசே யாங் தீடாக் தெர்ஹிங்கா’ என்று அளவில்லாத நன்றி சொல்கிறார்களே, அதே ‘தெர்ஹிங்கா’. பேச்சு வழக்கில் கிடந்த சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நமக்கு மட்டும் ஏன் ‘பட்ட’ போட்டு நீட்டும் ஆசை?

‘உறுப்பு’ இன்னும் மோசம். செம்பனை ஆலைக் கொட்டகையில் தூணும் உத்திரமும் கட்டமைப்பின் உறுப்புகள்; அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. இனி ‘உறுப்பை உறுப்புகளாகப் பிரி’ என்றால் மாணவர் எதைப் பிரிப்பார்? ‘தனிமம்’ என்போரும் உண்டு. இரும்பே ஒரு தனிமம், ஐயா.

என் தேர்வு ‘அளவுறு கூறு’. ‘முடிவுறு கூறு’ என்போரிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை, ‘முடிவிலி’க்கு எதிர்ச்சொல்லாக அது நிற்கும். ஆனால் மேடையில் ஏறியதும் அது ‘முடிவுற்ற கூறு’ ஆகிவிடுகிறது. ஏதோ கதை முடிந்தது போல.

அளவு ஏன் முக்கியம் என்று ஓர் இணைப்பை எடுத்தாலே தெரியும். உத்திரத்தின் முனையில் தகடு வெல்டிங் செய்து, எம்20 (20 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டுகளால் தூணோடு முடுக்குகிறோம். துளை 22 மில்லிமீட்டர். மென்பொருளில் தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும்போது துளையைச் சுற்றி மட்டும் நெருக்கமாகப் போடுவார்கள், தகைவு (ஓரலகுப் பரப்பில் ஏறும் விசை) அங்கே வேகமாக மாறுவதால். கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை ஓர் எண்ணில் வந்து நிலைக்க வேண்டும். ஆனால் வெல்டிங் ஓரத்தின் கூரிய உள்மூலையில் நிலைக்காது. இரும்பு ஓர் எல்லைக்கு மேல் நெகிழ்ந்துகொடுப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கட்டம் சிறுக்கச் சிறுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை நம்பித் தகட்டைத் தடிமனாக்கினால் வீண்செலவு. ஆக, ‘கூறு என்ன அளவு?’ என்பதுதான் திரையின் முன் உட்கார்ந்தவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி. பெயரிலேயே அளவு இருந்தால் கேள்வி தானாக வரும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் திறக்கிறார்கள், பட்டறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ‘கனெக்‌ஷன் டீட்டெய்ல்’ என்பதை ‘இணைப்பு விவரங்கள்’ என்று எழுதிய பாடக்குறிப்பும் என் கைக்கு வந்தது. படித்ததும் மின்சார மீட்டருக்கு மனுப் போடும் பாரம் என்றுதான் நினைத்தேன். எந்தத் தகடு, எத்தனை போல்ட்டு, எங்கே வெல்டிங் என்று காட்டும் வரைபடம் அது. ‘இணைப்பமைப்பு’ என்றால் பட்டறைக்காரருக்கும் புரியும்.