'ஐயோ பாவம்' என்றால் போதுமா? நெருக்கடிக் காலக் கண்காட்சிகளில் எங்கே சறுக்குகிறது

கொள்ளைநோயோ வெள்ளமோ ஊரை உலுக்கும்போது, கண்காட்சி வைப்பவர்கள் முதலில் தேடுவது பாதிக்கப்பட்டவர்களின் முகங்களைத்தான். சறுக்கலும் அங்கேதான். 1988-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படக் கலைஞர் நிக்கோலஸ் நிக்சன் எடுத்த எய்ட்ஸ் நோயாளிகளின் படங்கள் வைக்கப்பட்டன. உடல் மெலிந்துகொண்டே போவதைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள். எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய 'ஆக்ட் அப்' இயக்கத்தினர் அங்கேயே துண்டறிக்கை கொடுத்தார்கள். எங்களைப் பார்த்தது போதும், நாங்கள் சொல்வதைக் கேளுங்கள் என்பது அதன் சாரம்.

முந்தைய ஆண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் நேஷனல் மால் என்ற திறந்தவெளிப் பூங்காவின் புல்வெளியில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வை வேறு வழியில் போனது. இறந்த ஒருவருக்கு 3 அடிக்கு 6 அடித் துணி, ஏறக்குறைய சவக்குழி அளவு. எட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்தால் 12 அடிச் சதுரம். அன்று இருந்தவை 1,920 துணிகள். நோயுற்ற உடலுக்குப் பதில் அவரவர் பெயர், உறவினரும் நண்பரும் கைப்படத் தைத்த நினைவுகள். தரையில் கிடப்பதால் குனிந்துதான் படிக்க வேண்டும். பாதி வேலையை அந்தக் குனிவே செய்துவிடும்.

சுவரில் மாட்டிய படத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு படைப்பின் முன் பார்வையாளர் சராசரியாக 27 நொடிதான் நிற்கிறார் என்கிறது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-ல் வெளியான ஆய்வு. அந்த நேரத்தில் இரக்கம் வரும், புரிதல் வராது. ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மூன்று படைப்புகள் போதும். பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து வழிகாட்டி கேட்க வேண்டியவை மூன்றே: படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? வேறென்ன தெரிகிறது?

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. "ஆதரவில்லாத பெண்" என்று சொல்பவரிடம் அதைக் கேட்டால் படத்தில் தேடுவார். குனிந்த தலையும் மடியில் கோத்த கைகளும்தான் இருக்கும். ஆதரவின்மை தானாகச் சேர்த்தது என்று அவருக்கே புரியும். ஓவியரின் கதையை வழிகாட்டி முந்திக்கொண்டு சொன்னால் இது நடக்காது. மௌனத்துக்குப் பயந்துதான் பலர் சொல்லிவிடுகிறார்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணலாம்.

குறிப்பட்டையில் 'பலியானவர்' என்று மட்டும் போடாதீர்கள். என்ன தொழில் செய்தார், எதில் பிரியம் என்பதும் வரட்டும். அச்சுக்குமுன் குடும்பத்தார் படித்து எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பின்னர் மனம் மாறினால் எடுத்துவிட வேண்டும்.

இழப்பின் சூடு ஆறாதவர்களும் வருவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசலிலேயே எழுதி வையுங்கள். ஒருவழிப் பாதை மட்டும் வேண்டாம். பாதியில் வெளியேற நினைப்பவர் மிச்சப் படங்களையெல்லாம் கடந்தே போக வேண்டியிருக்கும்.