மின்மாற்றிக்கு எதற்குச் 'செயல்திறன்'?

மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பு. "இந்த மின்மாற்றியின் செயல்திறன் 98 விழுக்காடு" என்றார் பேச வந்தவர். கையில் கொடுத்த அச்சுத்தாளிலும் அப்படியே. இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவர் சொல்ல வந்தது எஃபிஷியன்சி. அந்தச் சொல், 'செய்து முடித்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. மின்மாற்றியைப் பொறுத்தவரை அது வெறும் வகுத்தல் கணக்கு: வெளிவந்த திறனை (வாட்டில் அளக்கும் பவர்) உள்ளே போன திறனால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்குப் பெயர் பயனுறுதிறன்.

செயல்திறன் வேறு. சுமை ஏறும்போது மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, எண்ணெய் எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு இரைகிறது என எல்லாமே செயல்திறனில் அடங்கும். பயனுறுதிறன் அவற்றில் ஒன்று. தாளில் இருந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "100 கேவிஏ திறன் கொண்ட மின்மாற்றியின் செயல்திறனை 0.8 திறன் காரணியில் காண்க." மூன்று திறன், மூன்று பொருள்! முதலாவதைக் கொள்ளளவு என்று எழுதினால் யார் தடுத்தார்கள்? மொழிபெயர்ப்பவர் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

நாமே போடுவோம். இரும்பு இழப்பு, அதாவது சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பு உள்ளகத்தில் வீணாவது, 300 வாட்; தாமிர இழப்பு, அதாவது சுருள்களில் மின்னோட்டம் பாய்ந்து வெப்பமாக வீணாவது, முழுச்சுமையில் 1200 வாட் என்று வையுங்கள். வெளிவருவது, 100-ஐ 0.8 ஆல் பெருக்கினால், 80 கிலோவாட். உள்ளே போவது 81.5. விடை 98.16 விழுக்காடு. பாதிச் சுமையில் தாமிர இழப்பு நான்கில் ஒரு பங்காகி, இரும்பு இழப்புக்குச் சமமாகிறது. அந்த இடத்தில்தான் பயனுறுதிறன் உச்சம்: 98.52.

பயனுறுதிறனும் மாசற்ற சொல் அன்று. 'பயன்படும் திறன்' என்று பிரித்துப் படித்து, விடையாக 80 கிலோவாட் என்று எழுதும் மாணவர்கள் உண்டு. விகிதத்துக்கு ஏது அலகு? இலங்கைத் தமிழில் வாட்டில் அளப்பது திறன் அல்ல, வலு. அதனால் எஃபிஷியன்சிக்கு அவர்கள் சொல்லும் வினைத்திறனில் இந்தக் குழப்பம் இல்லை. அறுவடையில் கிடைத்த மொத்த விளைச்சலைக் குறிக்கும் மேலூர்ப் பக்கத்துக் 'கண்டுமுதல்' அழகான சொல்தான். ஆனால் அது களத்துக்கு வந்ததை மட்டும் சொல்லும், போட்டதைச் சொல்லாது. ஆகவே குறையோடு பயனுறுதிறனையே வைத்துக்கொள்கிறேன்.

பம்புசெட்டுகள் ஓய்ந்த இரவிலும் ஊர் மின்மாற்றி இரும்பு இழப்பைத் தின்றுகொண்டே இருக்கும். மேற்படி 300 வாட், 24 மணி நேரத்தில் 7.2 யூனிட். இதையும் சேர்த்து, ஒரு நாளின் யூனிட்டுகளை வைத்துக் காண்பது முழுநாள் பயனுறுதிறன். அந்தத் தாளில் அது "நாள் முழுவதும் செயல்திறன்" என்றிருந்தது. சத்து டானிக் விளம்பரம்தான் நினைவுக்கு வந்தது.