ஹரிக்கேன்: வெறும் ‘புயல்’ என்று எழுதினால் போதுமா?

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது அரிக்கேன் விளக்கைத்தான். தூக்கிப் போகக் கம்பிப் பிடி, திரியை ஏற்றி இறக்கச் சின்னத் திருகு, புகை படிந்த கண்ணாடிக் கூண்டு. அந்தக் கரியை அம்மா பழைய துணியில் சாம்பல் தொட்டுத் துடைப்பார். பலத்த காற்றிலும் அணையாத விளக்கு என்பதால் வந்த பெயர் அது. ஹரிக்கேன் என்ற சொல் இப்படி எப்போதோ நம் வீட்டுக்குள் வந்து மாடத்தில் உட்கார்ந்துவிட்டது, அதன் பொருளைத்தான் நாம் சரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை.

இதை நான் உணர்ந்தது 1914ஆம் ஆண்டின் அட்லாண்டிக் புயல் பருவத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது. அங்கே பருவம் என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, இன்றைய சராசரிப்படி பெயர் வைக்கும் அளவுக்கு வலுவான புயல்கள் 14, அவற்றில் இன்னும் வலுத்து ஹரிக்கேன் ஆகிறவை 7. 1914இல் பதிவானது மொத்தமே ஒன்று. செப்டம்பர் நடுவில் பஹாமாஸ் பக்கம் உருவாகி, புளோரிடா - ஜார்ஜியா எல்லையருகே கரையேறி, மேற்கே லூசியானா வரை போய் அடங்கிவிட்டது. அதிகபட்சக் காற்று மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர். ஹரிக்கேன் ஆக 119 வேண்டும். ஆகவே அந்த வருடம் ஹரிக்கேனே இல்லை. (செயற்கைக்கோள் இல்லாத காலம், கப்பல் எதுவும் குறுக்கே போகாத நடுக்கடலில் ஏதாவது வந்து போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.)

சரி, இதைத் தமிழில் சொல்லுங்கள். ‘ஒரு புயல் வந்தது, ஆனால் புயல் எதுவும் வரவில்லை’ என்றா எழுதுவது? ஹரிக்கேன் என்று கண்ட இடத்திலெல்லாம் புயல் என்று போடுகிற பழக்கம் இங்கேதான் உடைகிறது. நம் வானிலைத் துறைக் கணக்கில் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினாலே புயல், 110 என்றால் அது தீவிரப் புயல்.

சொல்லின் பிறப்பு கரீபியன் தீவுகளில். போர்ட்டோ ரிக்கோ, கியூபா, ஹிஸ்பானியோலா பகுதிகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் சொல்லை ஸ்பானியர்கள் கேட்டு ‘உராகான்’ என்று எழுதினார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய்ப் பல எழுத்துக்கூட்டல்களில் அலைந்து ஹரிக்கேன் என்று நின்றது. கியூபாவில் கிடைத்த பழைய உருவங்கள் சில உண்டு: நடுவில் ஒரு முகம், இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் வளைந்து நீளும் இரண்டு கைகள். அது சுழலும் புயலின் வடிவம்தான் என்றார் கியூப மானிடவியலாளர் பெர்னாண்டோ ஓர்ட்டிஸ். மேலிருந்து புயலைப் பார்க்க வழியே இல்லாத மக்கள் அதன் சுழற்சியைத் தரையில் நின்று காற்று திசை மாறுவதைக் கவனித்தே பிடித்திருப்பார்கள் என்றால், அந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு தனி மரியாதையே வருகிறது.

நம் பக்கத்துச் சைக்ளோன் அவ்வளவு பழைய சொல் அல்ல. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் கிரேக்க வேரிலிருந்து, பாம்பு சுருண்டிருப்பது போன்ற பொருளில் உருவாக்கியது. இயற்கையில் இரண்டும் ஒன்றே, எந்தக் கடலில் பிறக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் மாறுகிறது.

தமிழில் புயல் என்பதற்கே முதலில் இந்தப் பொருள் இல்லை. ‘ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்ற குறளில் புயல் மழையைக் குறிக்கிறது, அது குறைந்தால் உழவர் ஏர் ஓட்டமாட்டார் என்கிறது. மேகம், மழை என்று இருந்த சொல் பிறகுதான் பெருங்காற்றின் பக்கம் சாய்ந்தது. சூறாவளி அப்படியில்லை. சூறை என்றாலே சுழன்றடிக்கும் காற்று, வளி என்றாலும் காற்று. சூறையாடுவது என்று சொல்லும்போதும் அதே வாரிச்சுருட்டும் வேகம்தான் காதில் விழுகிறது.

அதனால் என் தேர்வு இது: பொதுவாகப் புயல், 119ஐத் தாண்டிய அட்லாண்டிக் புயலுக்குச் சூறாவளி. இதில் ஒரு சிக்கல் உண்டு. இலங்கைத் தமிழில் சூறாவளி என்பதே பொதுச்சொல், 1978இல் மட்டக்களப்பைத் தாக்கியதை அங்கே யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை. அவர்களுக்காக எழுதும்போது ‘கடும் சூறாவளி’ என்று ஒரு அடை சேர்த்துக்கொள்ளலாம். டொர்னாடோவுக்கும் சூறாவளி என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அது நிலத்தில் சில நிமிடங்கள் சுழன்று போகும் வேறொரு சங்கதி, அதற்குச் சுழல்காற்று போதும்.

அப்புறம், அமைதியான பருவம் என்ற தொடர். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீனோ ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் மேல்காற்று புயலின் தலையைச் சாய்த்துவிடும், சஹாராவின் வறண்ட காற்றும் சேர்ந்தால் எண்ணிக்கை குறையும். குறைகிறது எண்ணிக்கைதான், அதனால் ‘அமைதி’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. 1983இல் பெயர் பெற்றவை நான்கே, அதில் முதலாவதான அலிசியா ஹூஸ்டன் பகுதியை நொறுக்கியது. ‘புயல் குறைந்த பருவம்’ என்றே எழுதலாம்.

1914க்கு நான் கடைசியில் எழுதிய வரி: அந்தப் பருவத்தில் அட்லாண்டிக்கில் பதிவானது ஒரே ஒரு புயல், அதுவும் சூறாவளியாக வலுக்கவில்லை.