கீழே கிடக்கும் குஞ்சை எடுப்பதற்கு முன்

மாசி கடைசியில் வாடை அடங்கி முருங்கை பூக்கத் தொடங்கியதும், என்னிடம் அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். ஆடு மாடு கொண்டுவந்தவர்களுக்கு நடுவே, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிள்ளை நிற்கும். "டாக்டர், கூட்டிலேருந்து விழுந்துருச்சு."

போன வருடம் ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சிறுமி கொண்டுவந்தது சின்னான் (புல்புல்) குஞ்சு. உடம்பெல்லாம் இறகு, குட்டை வால், விரலை நீட்டினால் இறுகப் பற்றிக்கொண்டது. அது விழவே இல்லை. பொரித்து இரண்டு வாரத்தில் சின்னான் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிவிடும். நன்றாகப் பறக்கும்வரை செடியடியில் தத்தித் திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து பூச்சி ஊட்டும். "எடுத்த இடத்திலேயே விட்டுட்டு, திண்ணையில உட்கார்ந்து பாரு பாப்பா" என்று அனுப்பினேன். அரை மணி நேரத்தில் தாய் வந்துவிட்டதாக அவளுடைய அப்பா போனில் சொன்னார்.

இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. தயவுசெய்து பால் கொடுக்காதீர்கள், பறவைக்கு அது செரிக்காது. அலகைப் பிளந்து தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பனைப் பொந்திலிருந்து கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பைக் கண்ணாடியைத் தேன்சிட்டு கொத்திக்கொண்டே இருக்கிறதா? ஆண் பறவை தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து மோதுகிறது. ஒரு துணியைப் போட்டு மூடினால் போதும். காகம் தலையில் தட்டினால் மேலே கூடு இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாள் சுற்றிப் போங்கள்.

கடற்கரை ஊர்களில் என்னை அதிகம் வருத்துவது தங்கூசி எனும் நைலான் மீன்பிடி இழைத் துண்டுகள்தான். கிழிந்த வலையைப் பொத்தித் தைக்கும் இடத்தில் கிடப்பதை மைனாவும் காகமும் கூடு கட்டத் தூக்கிப் போகும். பாம்பனிலிருந்து வந்த ஒரு மைனாவுக்கு இழை கணுக்காலில் மூன்று சுற்று சுற்றிச் சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் கறுத்துவிட்டன. நுனிக் கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தேன், ஆனாலும் காலைக் காப்பாற்ற முடியவில்லை. வலை பொத்தி எழும்போது துண்டுகளைப் பொறுக்கி, விரல் நீளத்துக்கு நறுக்கி, மூடிபோட்ட டப்பாவில் போட்டுவிடுங்கள். கூடு கட்டும் இந்த மாசி, பங்குனியில் மட்டுமாவது.