வனைபிழை: நாயின் இடுப்பு மூட்டு நோய்க்கு ஒரு சொல்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் லாப்ரடார் வளர்க்கும் நண்பர் ஒருவர், ஒரு நாள் மாலை எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நாய்க்குப் பதினான்கு மாதம். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயலைப்போலத் தாவியதும், படுத்தால் எழச் சிரமப்பட்டதுமே அவரை மருத்துவரிடம் போக வைத்தன. சீட்டில் 'ஹிப் டிஸ்பிளாசியா' என்று எழுதியிருந்தது. "இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடுன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. குறைபாடுன்னா கால்சியம் குடுத்தா சரியாயிரும்லா?" என்று கேட்டார். குட்டியாக இருந்த நாள் முதல் தவறாமல் கால்சியம் டானிக் ஊற்றி வந்தவர் அவர். குறைபாடு என்றால் எதுவோ போதவில்லை என்றுதானே பொருள்? அவர் கேட்டதில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை.

டிஸ்பிளாசியா கிரேக்க வேர்களால் ஆனது. 'டிஸ்' என்னும் முன்னொட்டு கேட்டையும் கோளாற்றையும் குறிக்கும். வடமொழியின் 'துர்' அதற்கு உறவு. 'பிளாசியா' என்பது, மண்ணையோ மெழுகையோ பிசைந்து உருக்கொடுப்பதைக் குறிக்கும் 'பிளாஸ்ஸேன்' என்னும் வினையிலிருந்து வந்தது. பிளாஸ்டிக், பிளாஸ்டர் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவையே. எனவே இச்சொல்லின் உள்ளே இருப்பது வளர்ச்சி அன்று, உருக்கொடுத்தல். வளர்ச்சி குன்றுவதற்கு மருத்துவத்தில் ஹைபோபிளாசியா என்று தனிச்சொல்லே இருக்கிறது, மிகையாவதற்கு ஹைபர்பிளாசியா. டிஸ்பிளாசியாவைக் 'குறைபாடு' என்று தமிழாக்கியவர்கள், அறியாமலே பக்கத்து வீட்டுச் சொல்லின் பொருளை இதற்குச் சூட்டிவிட்டார்கள்.

உருக்கொடுத்தலுக்குத் தமிழில் பழுத்த வினை ஒன்று உண்டு. குயவர் கலம் செய்வதை வனைதல் என்கிறோம். கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக 'வனைமோ' என்று கலஞ்செய் கோவிடம், அதாவது குயவரிடம், வேண்டும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அத்தகைய தாழிகளுக்குள் எலும்புகள் கிடைத்த ஆதிச்சநல்லூர் நமக்கு எட்டிவிடும் தொலைவில்தான் உள்ளது. எலும்பும் வனைதலும் ஒரே வாக்கியத்தில் வருவது பொருநைக் கரைக்கு அந்நியமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காருகுறிச்சியில் பானை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இடுப்பு மூட்டை விளக்குவது எளிது. சக்கரத்திலிருந்து எடுத்த பச்சைக் கலத்தின் உள்ளே ஒரு கையால் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெளியே பலகை கொண்டு தட்டித் தட்டித்தான் அடிப்பாகத்தை உருட்டுகிறார்கள். கல் சுவரை விட்டு விலகிவிட்டால் அடி சப்பையாகிவிடும். நாயின் தொடையெலும்புத் தலை அந்தக் கல்லைப் போன்றது. இடுப்பெலும்பின் குழி பச்சைக் கலம். பள்ளிப் பாடத்தில் படித்த பந்துக் கிண்ண மூட்டு இதுதான். குழி ஒரே எலும்பாலானது அன்று. பல எலும்புகள் கூடி, பிறந்த சில மாதங்களுக்குள் ஒன்றாக இணைகின்றன. அந்த மாதங்களில் பந்து குழிக்குள் அழுந்தி உட்கார்ந்தால் குழி ஆழமாகும், பந்தும் உருண்டையாகும். மூட்டின் நாரும் உறையும் தளர்ந்து பந்து விளிம்புப் பக்கம் ஒதுங்கினால், குழி ஆழமின்றி நின்றுவிடும், பந்தும் தட்டையாகும். பின்னர் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டழற்சி வரும். இந்நோய்க்கு ஆளாகும் குட்டிகள் பிறக்கும்போது நல்ல மூட்டுடனேயே பிறக்கின்றன. கேடு வனையும் காலத்தில் நேர்வது.

ஆகவே 'வனைபிழை' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. முழுப்பெயர் 'இடுப்பு மூட்டு வனைபிழை'. வினைத்தொகையாக நிற்பதால் வனைந்த பிழை, வனைகின்ற பிழை, வனையும் பிழை என மூன்று காலத்துக்கும் பொருந்தும். முற்றிப்போன மூட்டுக்கும், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் குட்டியின் மூட்டுக்கும் ஒரே சொல் போதும். 'பிறழ்வளர்ச்சி' என்று எழுதலாமே என்றால், அது குறைபாட்டைவிட நூறு மடங்கு மேல். ஆனாலும் பந்தும் குழியும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்னும் செய்தி அதில் இல்லை. 'பிசகு' நம் வாயில் புழங்கும் சொல். சுளுக்கெடுப்பவர் "மூட்டு பிசகிட்டு" என்பார். ஆனால் பிசகு, விழுந்தோ அடிபட்டோ ஒரு கணத்தில் நேர்வது. இழுத்து உட்கார வைத்தால் நேராகும். இதை இழுத்து உட்கார வைக்க முடியாது. உட்காரக் குழியே சரியாக இல்லை.

மனித மருத்துவமும் இதே தடுமாற்றத்தைக் கடந்துதான் வந்திருக்கிறது. பச்சிளங் குழந்தைகளின் இந்நோயைப் 'பிறவி இடுப்பு நழுவல்' என்று நெடுங்காலம் அழைத்தார்கள். பிறக்கும்போது சரியாக இருந்து பிறகு கெடும் மூட்டுகளும் உண்டு என்பதால், வளர்ச்சிக்காலத்தில் நேரும் டிஸ்பிளாசியா என்று பெயரை மாற்றச் சொல்லி கிளிசிச் என்பவர் 1989இல் எழுதினார், அதுவே நிலைத்தது. நாய்களில் இந்நோயை அமெரிக்கரான ஷ்னெல் 1935இல் எடுத்துக்காட்டினார்.

எக்ஸ்ரே படத்துக்கு வருவோம். நாயை மல்லாத்தி, பின்னங்கால்களை இணையாக நீட்டி எடுத்த படம் அது. இரு பந்துகளின் நடுப்புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு. நடுப்புள்ளியிலிருந்து குழியின் முன்விளிம்புக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை நோர்பெர்க் கோணம் என்பர். பொதுவாக 105 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் நல்ல மூட்டு. நண்பரின் நாய்க்கு இடப்புறம் அந்த அளவு எட்டவில்லை என்பது அளக்காமலே தெரிந்தது: பந்தில் பாதி வெளியே நின்றது.

அந்தப் படத்தில் எலும்பு நல்ல வெள்ளையாகத் தெரிந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அடர்த்தியில் குறையில்லை, உருவில்தான் குறை. நாய் வளர்ப்பவர்கள் 'எலும்புக் கனம்' என்று பாராட்டுவது காலின் பருமனை. அடர்த்தி என்பது குறிப்பிட்ட பரும அளவுக்குள் எவ்வளவு தாதுப்பொருள் செறிந்திருக்கிறது என்பது. அதுவும் சுமைக்கேற்ப மாறக்கூடியதே. இதை ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் விதியாக எழுதினார். பந்தய கிரேஹவுண்டுகள் எப்போதும் கடிகாரச் சுற்றுக்கு எதிராகவே வளைந்தோடுவதால், அவற்றின் வலது பின்னங்கால் கணுவிலுள்ள நடுச் சிற்றெலும்பு இடப்புறத்ததைவிட அடர்ந்துவிடுகிறது. எலும்பு முறிவும் பெரும்பாலும் அதிலேயே நேர்கிறது. அதே கிரேஹவுண்டு இனத்தில் இடுப்பு வனைபிழை மிக அரிது. அடர்த்தி வேறு, உரு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

களக்காடு முண்டந்துறைக் காட்டில் செந்நாய்கள் உண்டு. கூட்டமாகக் கடமானைத் துரத்தும் அவ்விலங்குக்கும் நம் வீட்டு நாய்க்கும் எலும்புக்கூட்டின் அமைப்பு ஒன்றே: காறையெலும்பு பெயரளவுக்கே இருப்பதால் முன்னங்கால் உடலோடு தசையால் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது; பின்னங்காலோ இடுப்புக் குழியின் வழியே எலும்போடு எலும்பாகப் பொருந்துகிறது. நிற்கும்போது எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்கினாலும், உந்தித் தள்ளும் விசை இடுப்பு மூட்டின் வழியாகத்தான் முதுகுக்கு ஏறுகிறது. மூட்டு தளர்ந்த செந்நாய் கூட்டத்தோடு ஓடி, இரை பிடித்து, குட்டி ஈன்று அத்தளர்ச்சியைப் பரப்புவது கடினம். லாப்ரடாருக்கு அந்தத் தேர்வு கிடையாது; தட்டில் சோறு வந்துவிடுகிறது.

சோறு இங்கே சிறிய செய்தி அன்று. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். குறைவாக உண்டவற்றில் வனைபிழை குறைந்தது. ஆயுளும் ஏறத்தாழ இரண்டாண்டு கூடியது. இளங்குட்டியின் குடல், மிகுதியாக வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்த இன்னும் பழகாதது. கிரேட் டேன் போன்ற பேரினக் குட்டிகளுக்கு அளவு மீறிக் கொடுத்தபோது எலும்பு வளர்ச்சியே கோணலானது. 'குறைபாடு' என்ற சொல்லை நம்பி ஊற்றிய டானிக் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சட்டி பானைய வனையுத மாதிரி சொல்லுதீங்களே" என்றார். ஆமாம் என்றேன். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இது சூளைக்குப் போயிட்டுன்னு சொல்லுங்க" என்றார். மூன்று, நான்கு மாதக் குட்டியானால் குழி சாய்ந்து வளரும்படி செய்யும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. அந்த வயது கடந்துவிட்டது. மருத்துவர் எடையைக் குறைக்கவும், மூட்டில் பாரம் விழாமல் தசை வலுக்கும்படி நீந்த விடவும் சொல்லியிருந்தார். இப்போது டானிக் நின்றுவிட்டது. காலையில் குறுக்குத்துறையில் ஆற்றில் இறக்குகிறார்.