கீமோ குமட்டலுக்குச் சுக்கு: எவ்வளவு, எப்போது, யாருக்கு வேண்டாம்

புற்றுநோய்ப் பிரிவின் மருந்தகத்தில், கீமோதெரபி முடிந்து வீட்டுக்குப் புறப்படுகிறவர்களிடம் மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கும்போது, உடன் வந்தவர்கள் சற்றே தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குமட்டலுக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா?" பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்பு, கையில் கொடுத்த மாத்திரைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் குடலின் உட்சுவரிலுள்ள செல்களிலிருந்து செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளியேற்றி, நரம்பின் வழியே மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகின்றன. முதல் 24 மணி நேரத்தில் வரும் இந்தக் குமட்டலை ஆன்டான்செட்ரான் வகை மருந்துகள் ஓரளவு நன்றாகவே அடக்கிவிடுகின்றன. இரண்டாம், மூன்றாம் நாள்களில் வருவது வேறு வழியில், முக்கியமாக மூளையில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் வேதிப்பொருளின் மூலம் நடப்பதால், அதற்கென அப்ரெப்பிட்டன்ட், டெக்ஸாமெத்தசோன் போன்றவை தரப்படுகின்றன. ட்ரிப்ஸ் ஏறிய அன்று ஒன்றும் செய்யவில்லையே என்று அந்த மாத்திரைகளை விட்டுவிட்டு, மறுநாள் வாந்தி தொடங்கியதும் கஷாயத்தைத் தேடுகிறவர்கள் பலர். அந்த நிலையில் எந்தக் கஷாயமும் வயிற்றில் தங்குவதில்லை.

இஞ்சிக்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாந்தித் தடுப்பு மருந்துகளோடு சேர்த்து, கீமோவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே இஞ்சிச் சத்துள்ள கேப்சூல் எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டலின் கடுமை குறைந்தது. நாளொன்றுக்கு அரை கிராமும் ஒரு கிராமும் எடுத்தவர்களே அதிகப் பயன் பெற்றனர். ஒன்றரை கிராமுக்கு உயர்த்தியதால் பயன் கூடவில்லை. வேறு சில ஆய்வுகளில் இந்தக் கூடுதல் பயன் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, இஞ்சியை மாத்திரைக்குத் துணையாகத்தான் கொள்ள முடியும்.

கேப்சூலின் அளவை அடுப்படிக்கு அப்படியே மாற்ற முடியாது என்றாலும், கால் டீஸ்பூன் சுக்குப்பொடியை வெந்நீரில் கலந்து வடிகட்டி, ஆறவைத்து, ஒரு வேளை உணவுக்கும் அடுத்த வேளைக்கும் இடையே சிறுசிறு வாயாகக் குடிப்பது பொதுவாகப் போதும். வாயில் புண் வந்தவர்களுக்கு இது எரியும், விட்டுவிடலாம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களும், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எனக்குக் கவலை தருவது சுக்கோடு சேர்ந்து வருகிறவைதான். திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் இருக்கின்றன. அவற்றிலுள்ள பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை மந்தப்படுத்தக்கூடியது. ரசத்தில் போடும் மிளகுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சூரணமாகத் தினமும் எடுத்தால், டோசிடாக்செல், இமாட்டினிப் போன்ற புற்றுநோய் மருந்துகள் உடலில் எவ்வளவு தங்குகின்றன என்ற கணக்கு மாறக்கூடும். அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிக அளவில் எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும், வாந்தியாலும் அதே பொட்டாசியம்தான் குறைகிறது. சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்துள்ளனர். "மூலிகைதானே" என்பவர்களுக்கு நான் காட்டுவது நித்தியகல்யாணியை: அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்னும் கீமோ மருந்தைப் பெரியவர்களுக்குக்கூட ஒரு தவணையில் 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாக ஏற்றுவதில்லை.

பெயரும் சேர்மானமும் எழுதாத டப்பாவில் வரும் லேகியத்தை நான் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். எது எடுத்தாலும், அந்தப் பாட்டிலையோ பொட்டலத்தையோ அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவாருங்கள், திட்டமாட்டோம்.

குமட்டல் எல்லாமே கீமோவால் வருவதன்று. ஆன்டான்செட்ரானும் மார்ஃபினும் மலச்சிக்கலைத் தரும், மலச்சிக்கல் குமட்டலைத் தரும். அங்கே சுக்கு உதவாது, மலமிளக்கிதான் உதவும். தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்கத் தங்காவிட்டாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியாவிட்டாலோ, கடும் தலைவலியோடு வாந்தி வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.