நுரையீரலை விரித்துப் பிடித்திருப்பது எது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கம்பஸில் படிக்கும் அவருடைய தம்பி உயரமான, மெலிந்த பையன். காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது வலப்பக்க நெஞ்சில் திடீரெனக் குத்தியிருக்கிறது, மூச்சும் முட்டியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வைத்தியர் நுரையீரல் சுருங்கிவிட்டது என்று சொல்லி, விலாவுக்கிடையில் ஒரு டியூப் போட்டு, அதன் மறுநுனியைக் கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டிருக்கிறார். "தண்ணி டியூபுக்குள்ள ஏறி ஏறி இறங்குது. இடைக்கிடை குமிழி வருது. அது நெஞ்சுக்குள்ள போயிடுமோ எண்டு அம்மா இரவிரவா போத்தலையே பாத்துக்கொண்டு இருந்தா. மூச்சு சரியா வந்த பிறகும் ஒட்சிசன் குடுத்தவை. ஏன்?" என்று கேட்டிருந்தார்.

இதற்குப் பதில் நுரையீரலுக்குள் இல்லை, அதைச் சுற்றியுள்ள இடத்தில் இருக்கிறது. உள்ளமைப்பை சாதாரண தர விஞ்ஞானத்திலேயே படித்திருக்கிறோம். மூச்சுக்குழாயான வாதனாளி இரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 23 தடவை கிளைவிட்டுச் சிற்றறைகள் என்ற நுண்ணிய காற்றுப்பைகளில் முடிகிறது. வலப்பக்கம் மூன்று சோணைகள், இதயத்துக்கும் இடம் கொடுக்கவேண்டிய இடப்பக்கம் இரண்டு. சிற்றறைகள் முப்பது கோடிக்குக் குறையாது. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீற்றர் வரும்.

ஆனால் நுரையீரலில் அதை விரிக்கக்கூடிய தசை எதுவுமில்லை. அதன் சுபாவமே சுருங்குவதுதான். மீள்தன்மையுள்ள நார்களும், சிற்றறைகளின் உட்புற ஈரத்திலுள்ள மேற்பரப்பு இழுவிசையும் அதை ஓயாமல் உள்நோக்கி இழுக்கின்றன. நெஞ்சுக்கூட்டின் சுபாவம் நேர்மாறு, அது வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. இந்த இரண்டையும் பிரியவிடாமல் வைத்திருப்பது புளூரா என்ற மென்சவ்வு. அதன் ஒரு படை நுரையீரலின் மேல் ஒட்டியிருக்கிறது. குழாய்களும் குருதிக்கலன்களும் உள்ளே நுழையும் இடத்தில் அதே சவ்வு திரும்பி, நெஞ்சுச் சுவரின் உட்புறத்தையும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டின் மேற்புறத்தையும் மூடுகிறது. இரண்டு படைகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுக்குத்தான் இடைவெளி. அதில் மெல்லிய படலமாகத் திரவம் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் ஒரு மேசைக்கரண்டி அளவுதான் தேறும்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு துளி தண்ணீர் விட்டு அழுத்திப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆனால் நேராக இழுத்தால் பிரியாது. புளூராவுக்கு இந்த இரண்டு குணமும் தேவை. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் நெஞ்சுச் சுவரில் உராயாமல் வழுக்கவேண்டும், அதேநேரம் நெஞ்சு விரியும்போது கூடவே விரியவேண்டும். இரண்டு சுவர்களும் எதிரெதிராக இழுப்பதால், மூச்சு விட்டு ஓய்ந்திருக்கும்போதே அந்த இடைவெளியின் அமுக்கம் வெளிக்காற்றை விட, சுமார் 5 சென்ரிமீற்றர் உயர நீர் தரும் அமுக்கத்தின் அளவு குறைவாக இருக்கும். மூச்சை இழுக்கும்போது அந்தக் குறைவு 8 சென்ரிமீற்றர் வரை கூடும். நுரையீரலை விரித்துப் பிடித்திருப்பது இந்தச் சிறு வித்தியாசம்தான்.

அங்கே காற்று புகுந்தால் பிடி போய்விடும். உயரமான, மெலிந்த இளைஞர்களில் சிலருக்கு நுரையீரலின் உச்சியில் சிறு கொப்புளங்கள் இருக்கும். அதிலொன்று வெடித்தால் உள்ளிருக்கும் காற்று இடைவெளிக்குள் கசிகிறது. நுரையீரல் தன் சுபாவப்படி சுருங்கிவிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். நல்லவேளையாக, இடம் வலம் இரண்டு பக்க உறைகளும் தனித்தனி. ஒரு பக்கம் சுருங்கினாலும் மறுபக்கம் வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி அந்தப் போத்தல். டியூபின் நுனி நீர்மட்டத்துக்கு சுமார் 2 சென்ரிமீற்றர் கீழே நிற்கிறது. நோயாளி இருமும்போதோ மூச்சை விடும்போதோ இடைவெளியில் அகப்பட்ட காற்று அந்த 2 சென்ரிமீற்றர் நீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியேறும். மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே போகப் பார்க்கும், ஆனால் வழியில் நீர் நிற்கிறது. காற்றுக்குப் பதிலாக நீர்தான் டியூபுக்குள் சிறிது தூரம் ஏறும். அது நெஞ்சின் உயரத்தை எட்டாமலிருக்கத்தான் போத்தலைத் தரையில் வைக்கிறார்கள். ஆகவே அந்த அம்மா பயப்படத் தேவையில்லை. ஆனால் போத்தலை ஒருபோதும் கட்டிலின் மேலே தூக்கி வைக்கக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் ஹம்பர்க் நகர வைத்தியர் கொத்தார்ட் பியூலவ் கையாண்ட முறை இது. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒருவழி வால்வு! ஏறி இறங்கும் அந்த நீரில் அம்மா விடிய விடியப் பார்த்திருந்தது புளூரா இடைவெளியின் அமுக்கத்தையேதான். உடலுக்குள் நடக்கும் ஒரு பௌதிக நிகழ்வை வெறும் கண்ணால் இப்படிக் காண வேறு சந்தர்ப்பம் கிடைப்பது அரிது.

என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தும் விஷயம் இதற்கு அடுத்தது. டியூபே போடாவிட்டாலும், சிறிதளவு காற்று என்றால் நாளடைவில் தானாகவே மறைந்துவிடும். எங்கே போகிறது? குருதிக்குள். ஏன் போகிறது? கொழும்பில், கடல்மட்டத்தில், வளியமுக்கம் 760 இரச மில்லிமீற்றர். பிரஷர் 120க்கு 80 என்கிறோமே, அதே அலகு. இழையங்களைச் சுற்றிவிட்டு நாளங்களில் திரும்பும் குருதியில் கரைந்திருக்கும் வாயுக்களின் அமுக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒட்சிசன் 40, காபனீரொட்சைட்டு 46, நைதரசன் 573, நீராவி 47. மொத்தம் 706. வெளிக்காற்றை விட 54 குறைவு. எனவே புளூரா இடைவெளியில் எந்த வாயு சேர்ந்தாலும் அது அமுக்கம் குறைந்த குருதியை நோக்கிப் போய்த்தான் ஆகவேண்டும்.

அந்த 54 எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். நுரையீரலை விட்டுப் புறப்படும்போது சுமார் 100 ஆக இருந்த ஒட்சிசன் அமுக்கம், உடல் எடுத்துக்கொண்டபின் 40க்கு இறங்குகிறது. 60 போய்விட்டது. பதிலுக்குச் சேரும் காபனீரொட்சைட்டு 40இலிருந்து 46க்கு, ஆறு மட்டுமே ஏறுகிறது. மூலக்கூறுகளை எண்ணினால் பத்து ஒட்சிசனுக்கு ஏறத்தாழ எட்டு காபனீரொட்சைட்டு உருவாகிறது, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் காபனீரொட்சைட்டு குருதியில் நன்றாகக் கரையும். அதன் பெரும்பகுதி பைகாபனேற்று அயனாக மாறிவிடுவதால் வாயு அமுக்கக் கணக்கிலேயே வராது. நாம் ஒட்சிசனை எரித்து உயிர்வாழ்வதாலேயே குருதியின் மொத்த வாயு அமுக்கம் குறைகிறது, அந்தக் குறைவாலேயே புளூரா இடைவெளியில் வாயு தங்குவதில்லை, வாயு தங்காததாலேயே நுரையீரல் விரிந்தபடி இருக்கிறது, விரிந்த நுரையீரலால் மறுபடி ஒட்சிசன் கிடைக்கிறது. இதைவிட அழகான ஒரு வட்டத்தை உடற்றொழிலியலில் நான் கண்டதில்லை.

தம்பிக்கு ஒட்சிசன் கொடுத்ததற்கும் இதுதான் காரணம். ஒட்சிசனையே சுவாசித்தால் குருதியிலுள்ள நைதரசன் வெளியேறிவிடும். 54 ஆக இருந்த வித்தியாசம் பல நூறாக உயரும். வழமையாக நாளொன்றுக்கு அந்தப் பக்க நெஞ்சின் கொள்ளளவில் 1.25 முதல் 2.2 வீதம் அளவில் உறிஞ்சப்படும் காற்று, அப்போது பல மடங்கு வேகமாகப் போகும்.

இந்த இடைவெளியே இல்லாத ஒரு விலங்கு எங்கள் நாட்டில் இருக்கிறது: யானை. 2017 ஜூலையில் கொக்குளாய்க்கு அப்பால் நடுக்கடலில், தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சு விட்டபடி தத்தளித்த யானையைக் கடற்படையினர் மீட்டது பலருக்கு நினைவிருக்கும். யானையின் இரண்டு புளூரா படைகளும் தொடுப்பிழையத்தால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. உடற்கூற்றியலாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்த இந்த விசித்திரத்துக்கு, கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்த ஜோன் வெஸ்ட் 2001இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். தும்பிக்கை நீருக்கு மேலே, நெஞ்சு 2 மீற்றர் கீழே என்றால், உடலையும் குருதியையும் நீர் சுமார் 150 இரச மில்லிமீற்றர் மேலதிகமாக அழுத்துகிறது. நுரையீரலுக்குள்ளோ சாதாரண வளியமுக்கம். எங்களைப் போன்ற மென்மையான புளூரா என்றால் அதன் நுண்கலன்கள் வெடித்துவிடும். கடற்பசுவின் நெருங்கிய உறவான யானை நீரில் வாழ்ந்த மூதாதையர் வழி வந்தது என்பதோடும் இதை அவர் தொடர்புபடுத்தினார்.

யானை எங்களிடம் இருக்கிறது, மன்னார்க் கடலில் கடற்பசு இருக்கிறது, பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. கேள்வியைக் கேட்டவர் இருந்தது சான் டியாகோவில். ஆராய்ச்சிக்காக நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வீதத்தைக்கூட எட்டியதில்லை. அந்தச் சிறு தொகையிலும் "இதனால் உடனே என்ன பயன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவற்றுக்குத்தான் முன்னுரிமை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இடைவெளி இல்லாமல் மனிதர் வாழமுடியுமா? முடியும். நுரையீரல் மறுபடி மறுபடி சுருங்குபவர்களுக்கு வைத்தியர்கள் இரண்டு படைகளையும் வேண்டுமென்றே ஒட்டவைத்துவிடுகிறார்கள். தூய்மையாக்கிய டல்க் தூளைத் தூவி அழற்சியை உண்டாக்குவது ஒரு வழி. அதன்பின்னும் அவர்கள் நன்றாகவே மூச்சு விடுகிறார்கள்.

வலியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நுரையீரலில் வலி நரம்புகள் கிடையாது. நெஞ்சுச் சுவரை மூடிய படையில்தான் உண்டு. அதனால்தான் மூச்சை இழுக்கும்போது ஊசியால் குத்துவதுபோல் வலிக்கிறது. பிரிமென்றகட்டின் நடுப்பகுதியில் பிரச்சினை என்றால் தோள்பட்டையில் வலிக்கும். எங்கள் வீடுகளில் இந்த வலி எல்லாவற்றுக்கும் "வாயு" என்று பெயர். ஓமத்தண்ணி, உள்ளி, அதற்கும் கேட்காவிட்டால் நாவூறு கழித்து நூல் கட்டுவது. ஓமத்தண்ணி சமிபாட்டுக்கு நல்லதாயிருக்கலாம், ஆனால் நெஞ்சில் காற்று கசிந்துகொண்டிருப்பவருக்குக் காத்திருப்பதே ஆபத்து. கசியும் காற்று வெளியேற வழியின்றிச் சேர்ந்தால் இதயத்தையே மறுபக்கம் தள்ளிக் குருதியோட்டத்தை நெரித்துவிடும். மூச்சோடு கூடுகிற நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு தேவையில்லை.

குணமானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது. விமானத்துக்குள் அமுக்கம் தரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான் என்பதால், நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். எக்ஸ்ரேயில் முற்றாகத் தெளிந்து ஒரு வாரமாவது போகாமல் கட்டுநாயக்கவுக்குப் புறப்படவேண்டாம். திருகோணமலைப் புறாத்தீவில் சிலிண்டர் கட்டிச் சுழியோடும் ஆசை இருந்தால், சத்திரசிகிச்சை செய்து நெஞ்சுநோய் நிபுணர் சம்மதிக்கும்வரை அதை விட்டுவிடவேண்டும். 10 மீற்றர் ஆழத்தில் நெஞ்சுக்குள் கசிந்த அரை லீற்றர் காற்று, மேலே வரும்போது ஒரு லீற்றராகிவிடும். அங்கே படகில் டியூபும் போத்தலும் இருக்காது.